பனம்பழத்து நுரை

பாரிஸ் கடைகளில் வெள்ளை வினாகிரியை இயற்கையான துப்புரவுப் பொருள் என்று எழுதி விற்கிறார்கள். உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவும் எங்களுக்கு அது பழகிய சாமான்தான். கோப்பி இயந்திரத்தில் ஏறும் சுண்ணாம்பை அதன் புளிப்புக் கரைத்துவிடும். ஊரில் பித்தளைக் குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு மினுக்கியதும் இதே வித்தை. ஆனால் 'இயற்கை' என்றதும் எங்களுக்கு முதலில் நினைவு வருவது பனம்பழம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணத்துக்கு அரசு விதித்த பொருளாதாரத் தடை எரிபொருள், பற்றரி, சீமெந்து என்று நீண்டது. மின்சாரமும் நின்றது. சவர்க்காரம் அருமைப் பொருளாயிற்று. வந்ததும் விலைக்கு எட்டவில்லை. ஆவணி, புரட்டாதியில் வளவில் விழுந்த பனம்பழங்களைப் பொறுக்கி, தோலை உரித்து, தும்போடு உடுப்பில் தேய்த்தார்கள் எங்கள் தாய்மார். நுரைத்தது. ஊத்தையும் போனது. மணம் மட்டும் போகவில்லை. கொடியில் காயும் சட்டையை மாடு சப்பிவிடும். காவல் வேலை சிறுவர்களாயிருந்த எங்களுக்கு.

பனங்களியில் சப்போனின் வகைப் பொருட்கள் உண்டு. பிளாபெலிபெரின் என்பது அவற்றின் பெயர். களியின் கைப்புக்கும் அவையே காரணம். சப்போனின், சவர்க்காரத்தைப் போலவே, ஒரு பக்கத்தால் நீரையும் மறுபக்கத்தால் எண்ணெயையும் பிடிக்கும். வாய்க்குக் கைத்தது உடுப்புக்கு உதவியது.

பனைக்கு 801 பயன் சொல்லும் தாலவிலாசத்தைக் காட்டி, இதையும் முன்னோர் ஞானம் என்று மேடைகளில் பேசுகிறார்கள். எங்களுக்கு உடன்பாடில்லை. சன்லைற் கட்டி கிடைத்திருந்தால் அம்மாமார் பனம்பழத்தைத் தொட்டிருக்கமாட்டார்கள், பினாட்டுக்கல்லவா வைத்திருப்பார்கள்! ஞானம் என்றால், உவர்மண்ணும் வெள்ளாவியும் அறிந்திருந்த சலவைத் தொழிலாளரைச் சொல்லவேண்டும். அவர்களைப் படலையடியில் நிறுத்தி மூட்டை கொடுத்த வீடுகளிலிருந்து வந்தவர்களும் இன்று அதை 'எமது அறிவு' என்கிறார்கள்.

பனம்பழமும் வருடம் முழுவதும் கிடைப்பதில்லை. பனைகளோ பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிபட்டுக்கொண்டிருந்தன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் தென்மராட்சி நோக்கி நடந்தபோது பழக்காலம் முடிந்திருந்தது. அங்கே ஒரு கிணற்றில் பல குடும்பங்கள் குளித்தோம். சவர்க்காரக் கட்டியை நூலால் துண்டுதுண்டாக அறுத்து, ஆளுக்கொன்றாகத் தந்தார்கள்.