கண்காட்சி கண்டு வந்தவர்கள்

மணமேல்குடி என்றதும் குலச்சிறை நாயனார் அவதரித்த ஊர் என்பார்கள் சைவர்கள். கட்டுமாவடி மீன் சந்தைக்கு அடுத்த ஊர் என்பார்கள் வியாபாரிகள். அச்சுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் என்று யாரும் சொன்னதில்லை. சிவகாசியும் சென்னையும் அந்தப் பெயரை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை, கந்தூரி அழைப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், படகுச் சங்கத்து ரசீதுப் புத்தகம், இறால் பெட்டிக்கு ஒட்டும் லேபிள் என்று இக்கடற்கரையின் வாழ்வு ஒவ்வொரு நாளும் அச்சு எந்திரத்தின் வழியாகத்தான் நடக்கிறது. அந்த எந்திரம் இங்கே வந்து சேர்ந்த கதையை இம்மலரில் பதிந்து வைப்பது நம் கடமை. அது பெரும்பாலும் கண்காட்சிக்குப் போய்ப் பார்த்து, ஊர் திரும்பி, கடன் வாங்கி எந்திரம் இறக்கியவர்களின் கதை.

தொடக்கத்தை நம் மண்ணிலிருந்தே சொல்ல வேண்டும். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே கொண்டது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தை வார்த்து இந்நாட்டில் அச்சிட்ட முதல் நூல் அதுதான். போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் ஆக்கிய அந்நூலுக்குக் கோவாவிலும் கொல்லத்திலும் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1586இல் ‘அடியார் வரலாறு’ வந்தது. பின்னர் இக்கலை நெடுங்காலம் உறங்கிவிட்டது.

அதை எழுப்பியது தரங்கம்பாடி. நம் கடற்கரையில் கோடியக்கரையைச் சுற்றிக்கொண்டு வடக்கே போனால் வரும் ஊர்தான். 1706இல் அங்கே வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குவுக்கு லண்டனிலிருந்து ஓர் அச்சு எந்திரம் அனுப்பப்பட்டது. அதை ஏற்றி வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மீட்புப் பணம் கொடுத்த பிறகே பயணம் தொடர்ந்தது. எந்திரத்தை ஓட்டுவதற்கென்று உடன் வந்த யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சர் கடல் வழியிலேயே இறந்துபோனார். 1712இல் எந்திரம் வந்து சேர்ந்தது, ஓட்டுவதற்கு ஆள் இல்லை. அங்கிருந்த டேனியக் கோட்டையின் சிப்பாய்களில் அச்சுத் தொழில் அறிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து வேலையைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியவை. தாளோ அரிது. எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி அவ்வெழுத்துகளை வார்த்ததாகச் சொல்லப்படுகிறது. அச்சையும் பெட்டியையும் இரு வேறு தொழிலாகப் பார்க்கிறவர்களுக்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லலாம். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. பொறையாறில் தாள் ஆலை ஒன்றையும் அமைத்துப் பார்த்தார்கள்.

அடுத்த நூற்றாண்டில் அச்சுக்கலை பாதிரிமார் கையிலிருந்து நம்மவர் கைக்கு வந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் 1805இல் நவவித்யா கலாநிதி என்ற அச்சுக்கூடத்தை நிறுவினார். 1835இல் அச்சகம் வைக்க இருந்த தடைகள் கவர்னர் ஜெனரல் மெட்காஃப் காலத்தில் நீங்கின. 1849இல் ஆறுமுக நாவலர் கடலுக்கு அக்கரையான யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து எந்திரம் வாங்கிக்கொண்டு போய் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையைத் தொடங்கினார். எந்திரத்தை நேரில் பார்த்து, விலை பேசி, கப்பலேற்றி ஊர் கொண்டு சேர்க்கும் வழக்கத்திற்கு நாவலரையே நாம் முன்னோடியாகக் கொள்ளலாம்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஸ்ரீ பிரகதாம்பாள் அரசு அச்சகம் நடந்துவந்தது. 1916இல் ராதாகிருஷ்ண ஐயர் எழுதிய சமஸ்தான வரலாறு அங்கே அச்சானது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் மணமேல்குடி அப்போது சமஸ்தானத்தில் இல்லை, தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்தது. ஆனாலும் வரலாற்றில் பங்கு கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்றே கருதுகிறேன்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1914இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நூல், அச்சுக் கலைகளுக்கான மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. தாளைத் தானே எடுத்து, அச்சடித்து, தானே அடுக்கி வைக்கும் எந்திரம் ஒன்றை ஹைடல்பர்க் நிறுவனம் அங்கே மக்கள் முன் வைத்தது. தாள் பிடிக்கும் அதன் இரு கைகளும் காற்றாடிபோல் சுழலும். கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே முதல் உலகப் போர் மூண்டது. எந்திரம் பிழைத்துக்கொண்டது. 1985 வரை உற்பத்தியில் இருந்து, உலகெங்கும் போய், தமிழ்நாட்டின் சந்துபொந்துகளிலும் நுழைந்தது. நம் தொழிலில் ‘ஹைடல்பர்க்’ என்றால் இன்றும் பலருக்கு நிறுவனத்தின் பெயர் நினைவுக்கு வராது, அந்த ஒரு எந்திரம்தான் வரும்.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். அவர்கள் போனது அச்சுக்காக அன்று. ஆனால் தீப்பெட்டி என்றால் அதற்கு லேபிள் வேண்டும், பட்டாசு என்றால் வண்ண உறை வேண்டும். லேபிளுக்காக லித்தோ அச்சு வந்தது. லித்தோ வந்த பிறகு காலண்டர் வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் வீட்டுக்கு வீடு சுவரேறின. தமிழ்நாட்டின் பெரிய அச்சு நகரம் புத்தகத்தால் எழுந்ததன்று, பெட்டியால் எழுந்தது. இதை நம்மில் பலர் இன்னும் முழுதாக உணரவில்லை.

1940களில் புதுக்கோட்டை இதழ்களின் ஊராக இருந்தது. சிறுவர் இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கிருந்து வந்தன. 1947இல் முருகு சுப்பிரமணியன் ‘பொன்னி’யைத் தொடங்கினார். பின்னாளில் அவர் மலேசியா சென்று ‘தமிழ் நேசன்’ ஆசிரியராக விளங்கினார். 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது.

1950கள் நம் தொழிலுக்கு அமைப்பு என்ற ஒன்றைத் தந்தன. 1951இல் டுசல்டார்ஃப் நகரில் முதல் ட்ரூபா கண்காட்சி நடந்தது. ஹைடல்பர்க் நிறுவனத்தின் தலைவர் ஹூபர்ட் ஸ்டெர்ன்பெர்க் அதை முன்னின்று நடத்தினார். அச்சு, தாள் என்ற இரு ஜெர்மன் சொற்களின் முன்னசைகளைச் சேர்த்தால் ட்ரூபா. 1953இல் இங்கே அகில இந்திய அச்சகத்தார் கூட்டமைப்பு பிறந்தது. மாநிலச் சங்கங்களை ஒரே குடையின் கீழ் சேர்த்த அமைப்பு இது. பின்னாளில் பாமெக்ஸ் கண்காட்சியை நடத்தியதும் இக்கூட்டமைப்புதான்.

1960களில் அந்நியச் செலாவணி பெரும் தட்டுப்பாடு. மேற்கு ஜெர்மனி எந்திரத்தைக் கண்ணால் பார்க்கலாம், வாங்க இயலாது. அப்போது கைகொடுத்தது கிழக்கு ஐரோப்பாவுடன் நம் அரசு செய்துகொண்ட ரூபாய் வணிகம். கிழக்கு ஜெர்மனியின் பிளானெட்டாவும் செக்கோஸ்லோவாகியாவின் டாமினன்ட்டும் அவ்வழியே இந்தியாவுக்குள் வந்தன. சிவகாசியின் ஆஃப்செட் யுகத்திற்கு இவை பெரிதும் துணை நின்றன.

சிற்றூர்களின் நிலையோ வேறு. இங்கே ட்ரெடில்தான். காலால் மிதித்து, கையால் தாள் கொடுத்து, கையால் எடுக்க வேண்டும். கவனம் சிதறினால் விரல் போகும். போன விரல்களோடு வாழ்ந்த பெரியவர்களை இவ்வட்டாரத்தில் என் தலைமுறையினர் பார்த்திருக்கிறோம். கம்பாசிட்டர்கள் அரைவெளிச்சத்தில், எழுத்துகளைக் குழி குழியாகப் பிரித்து வைக்கும் கேஸ் முன் நின்றபடி எழுத்துப் பொறுக்கினார்கள். ஈயத் தூசியைச் சுவாசித்தார்கள். அச்சடித்து முடித்ததும் ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் குழிக்குத் திருப்பிப் போட்டார்கள். திருவிழாக் காலத்தில் அவர்களுக்கு இரவு என்ற ஒன்று கிடையாது. அவர்கள் பெயர் எந்த நோட்டீசின் அடியிலும் வந்ததில்லை. அச்சகத்தின் பெயர் மட்டுமே வரும்.

1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அலுவலகங்கள் பெருகின, படிவங்களும் பெருகின, அச்சகங்களுக்கு வேலையும் பெருகியது. 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் விடைபெற்றன. கேஸில் சில குழிகள் மிச்சம். பள்ளியில் பிள்ளைகளுக்கு அது பாடம், அச்சகத்தில் அது பழைய ஈயத்தை எடை போட்ட நாள். இதே காலத்தில்தான் களமசேரி எச்.எம்.டி. தொழிற்சாலை இத்தாலிய நெபியோலோவின் கூட்டுறவோடு அச்சு எந்திரம் செய்தது. அமிர்தசரஸ் கட்டிங் மெஷின்களும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன.

1980கள், 90கள் மாற்றத்தின் ஆண்டுகள். கோவையின் ஆட்டோபிரிண்ட் போன்ற நிறுவனங்களின் மினி ஆஃப்செட் எந்திரம் சிறு அச்சகத்தையும் ஆஃப்செட் அச்சகமாக்கியது. கம்ப்யூட்டர் வந்தது, டி.டி.பி. வந்தது, கேஸ்கள் பரணுக்குப் போயின. இந்திய எந்திர உற்பத்தியாளர்கள் இபாமா என்ற சங்கத்தில் ஒன்றுகூடி பிரிண்ட்பேக் இந்தியா கண்காட்சியை நடத்தத் தொடங்கினார்கள். 1991க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்தது. ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்த எந்திரங்கள் கப்பலேறின. அவற்றைப் பிரித்து, துடைத்து, தேய்ந்த பாகத்தைக் கடைசலில் கடைந்து மாற்றி, மறுபடி பத்திருபது ஆண்டுகள் ஓட வைத்தவர்கள் நம் மெக்கானிக்குகள். இந்தத் தொழிலின் உண்மையான பொறியாளர்கள் அவர்களே என்பது என் துணிபு.

வெளியே உலகம் இன்னும் வேகமாக ஓடியது. 1993இல் பர்மிங்காமில் நடந்த ஐபெக்ஸ் கண்காட்சியில் பென்னி லாண்டாவின் இண்டிகோ எந்திரம் அச்சுத் தகடான பிளேட்டே இல்லாமல் வண்ணத்தில் அச்சடித்தது. 1995 ட்ரூபாவில் கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட்டுக்குப் போகும் நுட்பம் பேசுபொருளானது. 2008 ட்ரூபாவை ‘இங்க்ஜெட் ட்ரூபா’ என்றே அழைத்தார்கள். நம் ஊர்களில் அதே ஆண்டுகளில் ஃபிளெக்ஸ் வந்தது. டுசல்டார்ஃபில் ஆய்வுரை நடத்தி அறிமுகப்படுத்திய இங்க்ஜெட், நமக்குக் காதணி விழாப் பேனராக வந்து சேர்ந்தது. வந்த வழி எதுவானாலும் வந்தது வந்ததுதான்.

2010களில் கண்காட்சி அரங்குகளின் முகம் மாறியது. அச்சு எந்திரம் நின்ற இடத்தில் பெட்டி செய்யும் எந்திரங்கள் நிறைந்தன. டை கட்டிங், மடித்து ஒட்டும் எந்திரம், லேபிளுக்கான ஃபிளெக்ஸோ, காகிதப் பை எந்திரம், பிழையுள்ள பெட்டியைக் கேமரா கண்ணால் பிடித்துத் தள்ளும் சோதனை எந்திரம் ஆகியவைதான் இப்போது கூட்டம் கூடும் இடங்கள். அழைப்பிதழும் செய்தித்தாளும் கைப்பேசிக்குள் போய்விடலாம். சோப்பும் மருந்தும் இறாலும் போக முடியாது, அவற்றுக்குப் பெட்டி வேண்டும். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பில் புத்தகம் அத்தனையும் மாற வேண்டியிருந்தது. அவ்வாண்டு இங்குள்ள அச்சகங்கள் இரவு பகலாக ஓடின. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தது. காகிதப் பைக்குக் கதவு திறந்தது.

அதற்கு இடையில் பட்ட துன்பத்தை மறக்கவே முடியாது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் இக்கடற்கரையைப் புரட்டிப் போட்டது. தென்னை சாய்ந்தது, படகு உடைந்தது, கூரை பறந்தது. மின்சாரம் பல நாள்கள் வரவில்லை. தாள் கட்டுகள் நனைந்து உப்பின. ரோலர்கள் துருவும் சேறுமாயின. அன்று ஓடிய ஒரே எந்திரம், எங்கோ மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த மிதி ட்ரெடில் என்று சொல்லிச் சிரித்தோம். சிரிப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. எழுந்து நிற்பதற்குள் 2020 கொரோனா. கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன, பத்திரிகை அச்சும் நின்றது. டுசல்டார்ஃபில்கூட அவ்வாண்டு ட்ரூபா நடக்கவில்லை. உலகத்தின் மிகப் பெரிய அச்சு அரங்கும் நம் ஊர் அச்சகமும் ஒரே காரணத்தால் ஒரே ஆண்டில் அடைத்துக் கிடந்தன.

எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 மே 28 முதல் ஜூன் 7 வரை ட்ரூபா மீண்டும் நடந்தது. 52 நாடுகளிலிருந்து 1,643 நிறுவனங்கள் எந்திரங்களையும் நுட்பங்களையும் காட்டின. இந்தியாவிலிருந்து பெருந்திரளாகப் போனார்கள். 110 ஆண்டுகளுக்கு முன் லைப்சிக்கில் காற்றாடிக் கை எந்திரத்தைக் காட்டிய அதே ஹைடல்பர்க், இப்போது கேனான் நிறுவனத்தோடு கைகோத்து இங்க்ஜெட் எந்திரத்தைக் காட்டியது. 2025 பிப்ரவரியில் கிரேட்டர் நொய்டாவில் பிரிண்ட்பேக் இந்தியா நடந்தது. ஒரு காலத்தில் வெளிநாட்டு எந்திரத்தின் முகவர் பலகைகளைத்தான் இங்கே கண்காட்சிகளில் பார்ப்போம். இன்று ஃபரிதாபாத், அமிர்தசரஸ், அகமதாபாத், கோவை என்று நம் ஊர்ப் பெயர்களையே எந்திரத்தின் மேல் படிக்கிறோம்.

அந்தப் பழைய ஹைடல்பர்க் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். அச்சடிக்கும் வேலையிலிருந்து அது ஓய்வு பெற்றுவிட்டது. மை ரோலரைக் கழற்றிவிட்டு டை பூட்டி, அட்டைப்பெட்டி வெட்டவும் மடிப்புக் கோடு போடவும் எண் போடவும் தமிழ்நாடெங்கும் அதை இன்னும் ஓட்டுகிறார்கள்.

அடுத்த ட்ரூபா 2028 மே மாதம். போக எண்ணும் இளைய அச்சகத்தார் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வைக்க வேண்டுகிறோம். பழைய ட்ரெடில், கேஸ், மர எழுத்து, பிளாக் ஏதேனும் வீட்டுப் பரணில் கிடந்தால் பழைய இரும்புக்கு எடை போடுவதற்கு முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.