இண்டைக்கு எவ்வளவு தூரம்?

அமெரிக்காவில் வீட்டையே வண்டியாக்கி ஊர் சுற்றுகிற ஆட்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓடக்கூடாது, பின்னேரம் 3 மணிக்கு முன்னம் போய்ச் சேர வேணும், சேர்ந்த இடத்தில் 3 நாளாவது நிற்க வேணும். பெரிய நெடுஞ்சாலையும் வண்டிக்குள்ளேயே கட்டிலும் குசினியும் இருந்தும், ஒரு நாளுக்கு ஒரு எல்லை வேணும் எண்டு அவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து 300 மைல் ஓடினால் நாங்கள் காலிக்குக் கிட்டப் போய்விடுவோம். அந்த எண் எங்களுக்குச் சரிவராது. ஆனால் “இண்டைக்கு எவ்வளவு தூரம் போறது, எங்க தங்கிறது?” எண்ட கேள்வி எங்கட ஊருக்குப் புதிதல்ல. பஸ்ஸும் றெயிலும் வர முன்னம் பயணம் வெளிக்கிட்ட எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடை எங்கட வீதிகளில் கல்லாகவும் ஊர்ப்பெயராகவும் இன்னும் கிடக்கிறது.

பஸ் தரிப்பிடங்களாகிப் போன மடங்கள்

கந்தர்மடம், மருதனார்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம். இந்தப் பெயர்களை நாங்கள் பஸ் கொண்டக்டரின் வாயிலிருந்துதான் முதலில் கேட்டிருப்போம். வழிப்போக்கர் தங்குவதற்கு ஆரோ ஒருவர் கட்டிவைத்த மடம், பிறகு அந்தச் சந்தியின் பெயராகி, கடைசியில் ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டது. மடம் இடிந்த பிறகும் பெயர் நிற்கிறது.

இன்னும் நிற்கிற மடம் ஒன்றைப் பார்க்க விரும்பினால் பருத்தித்துறைக்குப் போங்கோ. அங்கே தெருமூடிமடம் இருக்கிறது. வீதிக்கு மேலே கூரை, இரண்டு பக்கமும் கல்தூண்களோடு உயர்ந்த திண்ணை. நடுவால் வீதி போகிறது. வெயிலில் வருகிறவர் அந்த நிழலுக்குள்ளால்தான் போக வேணும். “கொஞ்சம் இருந்துவிட்டுப் போ” எண்டு வீதியே சொல்வது போலக் கட்டியிருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு மடம்? குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே நிற்கிற மழைநீரைக் கிணறு வெட்டித்தான் எடுக்க வேணும். அதிலும் எல்லாக் கிணறும் நல்ல தண்ணி இல்லை. கடலுக்கும் கடனீரேரிக்கும் கிட்டப் போனால் உவர். ஆகவே எந்த இடத்தில் நிற்கலாம் எண்டதை முதலில் தீர்மானித்தது தண்ணி. நல்ல தண்ணிக் கிணறு, அதற்குப் பக்கத்தில் ஒரு மரம், மரத்துக்குப் பக்கத்தில் ஒரு மடம். பயணிகளின் கால் வலிமை அதற்குப் பிறகுதான் கணக்கில் வந்தது.

தலைச்சுமை, மாடு, வண்டில்

மடத்துக்குப் பக்கத்தில் வேறு மூன்று விஷயங்களும் இருக்கும்: சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், கேணி.

சுமைதாங்கி எண்டால் இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக இன்னொரு கல்லை வைத்த அமைப்பு. உயரம் ஏறக்குறைய ஒரு ஆளின் தோள் மட்டம். ஏன் அந்த உயரம்? தலையில் பாரம் சுமந்து தனியே வருகிற ஆள் அதை நிலத்தில் இறக்கினால், திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேணும். தோள் உயரத்தில் கல் இருந்தால் பாரத்தை அப்படியே சரித்து வைக்கலாம். களைப்பு ஆறினதும் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கலாம். துணை இல்லாமல் நடக்கிற ஆளுக்காக நட்ட கல் அது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது எங்கட பக்கத்து வழக்கம். இறக்காத சுமையோடு போனவளுக்காக, மற்றவர்களின் சுமையை இறக்க ஒரு இடம்.

ஆவுரஞ்சிக்கல் மாடுகளுக்கு. நட்டகல்லில் மாடு உடம்பை உரஞ்சித் தினவு தீர்க்கும். கேணியில் தண்ணி குடிக்கும். இந்த இரண்டும் அன்பினால் செய்த தருமம் எண்டு நாங்கள் படித்திருக்கிறோம். அது சரிதான். அதோடு அது பயணக் கணக்கும்கூட. வண்டில் மாடு மணிக்கு மூன்று, நாலு கிலோமீற்றர் போகும். ஆனால் அது மெசின் இல்லை. தின்ன வேணும், தின்றதைப் படுத்திருந்து அசைபோட வேணும், மத்தியான வெயிலில் நிழலில் நிற்க வேணும். இதையெல்லாம் கழித்தால் ஒரு நாளில் இழுக்கக்கூடியது ஆறு, ஏழு மணித்தியாலம். அதாவது 20 முதல் 25 கிலோமீற்றர்.

இந்தக் கணக்கைக் கண்டி வீதியில் வைத்துப் பாருங்கோ. யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டால் முதல் நாள் கொடிகாமம். அடுத்த நாள் பளை தாண்டி ஆனையிறவுக்குக் கிட்ட. மூன்றாம் நாள் குடாநாடு முடிந்து வன்னிக் காடு தொடங்குகிறது. இப்ப நாங்கள் ஒரு மணித்தியாலத்தில் கடக்கிற தூரத்துக்கு இரண்டரை நாள். ஆனையிறவில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை வெள்ளைக்காரன் பிறகு வாடிவீடாக்கினான். உத்தியோகத்தர்களுக்கு வாடிவீடு, சனத்துக்கு மடம். படுக்கை வேறு, தேவை ஒன்று.

உலகத்தின் மற்ற மூலைகளிலும் இதே கதைதான். பாரசீகத்திலும் துருக்கியிலும் ஒட்டக வணிகக் கூட்டங்களுக்காகக் கட்டின சத்திரங்கள் பெரும்பாலும் ஒரு நாள் நடைக்கு ஒன்றாக, 30, 40 கிலோமீற்றர் இடைவெளியில் இருந்தன. ஒட்டகத்தின் கால் அந்த இடைவெளியைத் தீர்மானித்தது. இஞ்ச மாட்டின் கால்.

கங்காணி போட்ட கணக்கு

எல்லா வழியிலும் மடம் இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழ்நாட்டுச் சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் மாத்தளைக்கு நடந்தது. ஏறக்குறைய 150 மைல். காய்ச்சல், வாந்திபேதி, தண்ணி இல்லாத இடங்கள். கிணறுகளும் தங்குமிடங்களும் அந்த வழியில் பிந்தித்தான் வந்தன. அதற்குள் ஆயிரக்கணக்கில் சனம் செத்துவிட்டது. இண்டைக்கு எவ்வளவு தூரம் எண்டு அங்கே தீர்மானித்தது நடக்கிறவர் இல்லை, கங்காணி. அவருக்குக் கையில் இருந்த அரிசி முடிய முன்னம் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேணும். ஏலாமல் விழுந்தவருக்காகக் கூட்டம் நிற்கவில்லை.

2023இல் மலையக மக்கள் வந்து 200 வருடமானதை ஒட்டி, தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு அதே திசையில் ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12 வரை, 16 நாள். ஏறக்குறைய 250 கிலோமீற்றர். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 15, 16 கிலோமீற்றர். வழியில் சாப்பாடு, தண்ணி, படுக்க இடம் எல்லாம் ஒழுங்கு செய்து நடந்தவர்களின் வேகம் இது. முன்னோருக்கு இந்த வேகத்தில் நடக்க ஒருவரும் இடம் கொடுக்கவில்லை.

நாள் மறைந்துபோன காலம்

1905 ஜனவரியில் லெனாட் வூல்ஃப் எண்ட இளம் சிவில் உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்தார். பிறகு எழுத்தாளராகப் பெயர் எடுத்தவர். அநுராதபுரம் வரைக்கும் றெயில். அங்கிருந்து ஆனையிறவு வரைக்கும் தபால் கொண்டுபோகிற மாட்டு வண்டில். பிறகு திரும்ப றெயில். குடாநாட்டுக்குள் 1902இலேயே றெயில் ஓடத் தொடங்கியிருந்தது. நடுவிலே காட்டுப் பகுதிதான் மிச்சம். அந்த வருடம் ஓகஸ்டில் அதுவும் முடிந்தது. வூல்ஃப் வந்த மாதிரி வண்டிலில் வர வேண்டிய தேவை சில மாதத்தில் இல்லாமற் போனது.

1956இல் யாழ்தேவி வந்தது. காலமை ஏறினால் பின்னேரத்துக்குள் மற்றப் பக்கம் இறங்கலாம். “எங்க தங்கிறது?” எண்ட கேள்வியே காணாமற் போய்விட்டது. தூரத்தை நாளால் அளந்த சனம் மைலால் அளக்கத் தொடங்கியது. எங்கட ஆட்கள் மைலைக் ‘கட்டை’ எண்டு சொல்லுவார்கள். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை இப்பவும் ஒரு இடத்தின் பெயர். கண்டியிலிருந்து எண்ணிவந்த மைல் கணக்கு அது. முன்னம் மடத்தின் பெயரில் ஊர் வந்தது, பிறகு மைலின் பெயரில் வந்தது.

1995 ஒக்ரோபர் 30

1990இல் றெயில் நின்றது. ஏ9 வீதியாலும் போக ஏலாது. கொழும்புக்குப் போக வேண்டியவர் கொம்படி, ஊரியான் சேற்றுக்குள்ளாலும், பிறகு கிளாலிக் கடலை இரவில் வள்ளத்திலும் கடந்தார்கள். பகலில் எவ்வளவு தூரம் எண்ட கேள்வி, இரவில் கடக்க ஏலுமோ எண்ட கேள்வியாக மாறியது.

பிறகு 1995 ஒக்ரோபர் 30 வந்தது. இராணுவம் நெருங்கிக்கொண்டிருக்க, வலிகாமத்துச் சனம் எல்லாம் வெளியேற வேணும் எண்டு புலிகள் அறிவித்தார்கள். லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டது. வழி இரண்டுதான்: செம்மணியால் நாவற்குழிப் பாலம், இல்லாட்டி கோப்பாயால் கைதடி. மழை. சைக்கிளை உருட்டக்கூட இடமில்லாத நெரிசல். யாழ்ப்பாணத்தில் இருந்து சாவகச்சேரி 16 கிலோமீற்றர் அளவில். வண்டில் மாடு ஆறுதலாக ஒரு நேரத்தில் போய்விடும். அந்த இரவு விடியும் வரை நடந்தும் கனபேர் போய்ச் சேரவில்லை. வயதானவர்கள், நோயாளிகள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார் வழியில் இருந்துவிட்டார்கள்.

உங்கட வீட்டில் அந்த இரவு நடந்த ஆக்கள் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கோ. எத்தனை கிலோமீற்றர் எண்டு சொல்ல மாட்டார்கள். எங்கே தண்ணி கிடைத்தது, எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்க இடம் கிடைத்தது, ஆரை ஆர் தூக்கிக்கொண்டு வந்தது எண்டதைத்தான் சொல்லுவார்கள். மடம் கட்டின காலத்துச் சனம் தூரத்தை ஞாபகம் வைத்திருந்த விதமும் அதுதான்.

கடைசியாக வாற சாமி

அந்தப் பழைய கணக்கு இப்பவும் உயிரோடு இருக்கிற ஒரு பயணம் எங்களிடம் உண்டு. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் போகிற பாதயாத்திரை. வன்னிக்குள்ளால் முல்லைத்தீவு, பிறகு திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை எண்டு கிழக்குக் கரையோரமாக இறங்கி, குமணைக் காட்டைக் கடந்து போய்ச் சேருவார்கள். ஒன்றரை மாதம் அளவில் எடுக்கும். யுத்த காலத்தில் வடக்கில் இருந்து இது நடக்கவில்லை. பாதை திறந்த பிறகு திரும்பவும் நடக்கிறது.

கூட்டத்தில் ஆளை ஆள் ‘சாமி’ எண்டுதான் கூப்பிடுவார்கள். முன்னுக்கு வேல் போகும். விடிய வெளிக்கிட்டு, வெயில் ஏற ஒரு கோயிலில் ஆறி, வெயில் தாழத் திரும்ப நடை. எந்தக் கோயிலில் ஊர்ச்சனம் அன்னதானம் வைத்திருக்கிறதோ, எங்கே கிணறு இருக்கிறதோ, அங்கேதான் இரவு. காட்டுக்குள் போனால் கணக்கு இன்னும் இறுக்கம். யானை, சிறுத்தை நடமாடுகிற இடத்தில் இருட்டில் நடக்க ஏலாது. அடுத்த தண்ணி எங்கேயோ, அதுதான் அண்டைய முடிவு. காட்டுப் பாதை திருவிழாக் காலத்தில் சில நாட்கள்தான் திறக்கும். அதனால் பிந்தவும் ஏலாது.

இந்தக் கூட்டத்தில் அறுபது, எழுபது வயது அம்மாமார் கனபேர் இருப்பார்கள். இளசுகள் வேகமாக நடந்து முன்னுக்குப் போகலாம். ஆனால் கூட்டமாக ஒரு நாளில் போகக்கூடிய தூரம், கடைசியாக வருகிற அம்மா நடக்கக்கூடிய தூரம்தான். அதற்கு மேலே போட்டால் அவர் விடுபட்டுப் போவார். சுமைதாங்கியை நட்டவர்களும் இதையேதான் யோசித்திருக்கிறார்கள். பலமானவனுக்கு அந்தக் கல் தேவையில்லை. மன்னார்ப் பாதையிலும் 95 இரவிலும் இந்தக் கணக்குப் போட நடந்த சனத்துக்கு வாய்ப்பிருக்கவில்லை.

இப்ப நாங்கள் கூட்டாகச் சைக்கிளிலும் வானிலும் பயணம் போகிறோம். தொலைபேசி தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடும். கூட்டத்தில் ஆருக்கு முதலில் களைக்கும், ஆருக்கு அடிக்கடி மலசலகூடம் வேணும், ஆர் இரவில் வாகனம் ஓடப் பயப்படுவார் எண்டதை அது சொல்லாது. வெளிக்கிட முன்னம் அவர்களைக் கேட்டு, அவர்களின் விடையை வைத்து நாளைப் பிரித்தால் போதும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. வீதி அகலிக்கிறபோது முதலில் பிடுங்கப்படுவது ஓரத்தில் நிற்கிற சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக்கல்லும்தான். கேணி தூர்ந்து குப்பைக்கிடங்காகிறது. உங்கட ஊர் வீதியில் ஒன்று நின்றால் படம் எடுங்கோ. எந்தச் சந்தி, எந்தக் கிணற்றடி, கல்லில் பெயர் வெட்டியிருந்தால் என்ன பெயர் எண்டு எழுதுங்கோ. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் நடந்து பாருங்கோ, முடிந்தால் தலையில் ஒரு பாரத்தோடு. எங்கட சனம் எவ்வளவு தூரத்துக்கு ஒருக்கால் ஆறியிருக்கிறது எண்டதை உங்கட கழுத்தே சொல்லிவிடும்.