மார்க் போடுவதா, குறித்து வைப்பதா?



ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், பார்த்த படங்களைப் பதிந்து வைக்க ஐஎம்டிபி நல்லதா, லெட்டர்பாக்ஸ்ட் நல்லதா?" தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்றிலும் படம் பார்க்கிற ஊர் நம்முடையது, கணக்கு குழம்பத்தான் செய்யும்.

எங்கள் காலத்தில் ஆனந்த விகடன் மார்க்தான் தீர்ப்பு. 1977-இல் '16 வயதினிலே' படத்துக்கு 62.5 போட்டார்கள். அந்த அரை மார்க்கை எங்கே பிடித்தார்கள் என்று வாத்தியார் புத்தி இன்றும் யோசிக்கிறது!

பிலிம் நியூஸ் ஆனந்தன் மார்க் போடவில்லை. எந்தப் படம், எப்போது வந்தது, யார் நடித்தார்கள் என்று ஆயுள் முழுக்க எழுதிச் சேர்த்தார். 1931-இல் வந்த நம் முதல் பேசும்படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி இன்று இல்லை. அப்படித் தொலைந்த படங்களுக்கு மிச்சம் இருப்பது இத்தகைய குறிப்புகள்தான். அவர் சேகரிப்பைத் தமிழக அரசே பெற்றுக்கொண்டது.

ஐஎம்டிபியும், தான் பார்த்த படங்களைப் பதிந்துவந்த கோல் நீதம் என்ற இங்கிலாந்து இளைஞர் 1990-இல் தொடங்கியதுதான். 1998-இல் அமேசான் வாங்கியது. 2017-இல் அதன் விவாதப் பக்கங்களை மூடியபோது பலர் எழுதியது போயிற்று. லெட்டர்பாக்ஸ்ட் 2011-இல் நியூசிலாந்தில் பிறந்தது. பார்த்த தேதியோடு எழுதும் நாட்குறிப்பு அதன் உயிர்.

ஆகவே தம்பி, விவரம் தேட ஐஎம்டிபி, நீ பார்த்ததை எழுத லெட்டர்பாக்ஸ்ட். ஆண்டுக்கொரு முறை பதிவிறக்கிக்கொள். கூட யார் வந்தார்கள் என்பதையும் எழுது. அதை எந்தத் தளமும் கேட்பதில்லை.