டென்வரின் மதுக்கடைக்காரர்: கும்பல் கொன்ற ஒரு குற்றவாளி

1893 ஜூலை 26 இரவு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு சிறையை உடைத்தார்கள். ஒரு கைதியை வெளியே இழுத்து வந்து தூக்கிலிட்டார்கள், சுட்டார்கள். பிறகு உடலைத் தெருவில் இழுத்துச் சென்று மீண்டும் தொங்கவிட்டார்கள். அவர் பெயர் டேனியல் அராட்டா. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்து மதுக்கடை நடத்தியவர்.

தோழர்களே, அராட்டா அப்பாவி அல்ல. பீருக்குக் காசு தராத தகராறில், லைட்ஃபுட் என்ற முதிய வாடிக்கையாளரை அவர் கொன்றார். இறந்தவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட முன்னாள் வீரர். இது கொடிய குற்றம்தான். விசாரிக்க நீதிமன்றம் இருந்தது, கைதியும் சிறையில்தான் இருந்தார். அப்படியிருந்தும் கும்பல் ஏன் காத்திருக்கவில்லை?

ஊரின் நிலைமையைப் பாருங்கள். கொலராடோ வெள்ளிச் சுரங்கங்களை நம்பிய மாநிலம். சரியாக ஒரு மாதம் முன்பு, ஜூன் 26 அன்று, பிரிட்டிஷ் இந்திய அரசு தனியார் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அச்சடித்துத் தருவதை நிறுத்தியது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த வெள்ளி விலை ஒரேயடியாக விழுந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலையிழந்தவர்கள் டென்வரில் வந்து குவிந்தார்கள். ஜூலை நடுவில் மூன்றே நாட்களில் 12 வங்கிகள் கதவடைத்தன. வங்கி முதலாளியையோ வெள்ளிச் சந்தையையோ அந்தக் கூட்டத்தால் தொட முடியவில்லை. கைக்கு எட்டியவர் ஓர் இத்தாலியர். ரயில் பாதையிலும் உலைகளிலும் உழைத்த இத்தாலியரை, கத்தி தூக்கும் இனம் என்றே பொதுப்புத்தி ஏற்கெனவே முத்திரை குத்தி வைத்திருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முன்னுதாரணமும் கிடைத்திருந்தது. நியூ ஆர்லியன்ஸ் காவல்துறைத் தலைவர் கொலை வழக்கில் இத்தாலியர் ஒருவரைக்கூட ஜூரி குற்றவாளி என்று சொல்லவில்லை. மறுநாள், 1891 மார்ச் 14 அன்று, கும்பல் சிறைக்குள் புகுந்து 11 பேரைக் கொன்றது. அதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அமெரிக்க அரசு இத்தாலிக்கு இழப்பீடு கொடுத்து விஷயத்தை முடித்தது.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நியூ ஆர்லியன்ஸில் தீர்ப்பு வந்தது. கும்பல் அதை ஏற்கவில்லை. டென்வரில் தீர்ப்புக்கே கும்பல் இடம் கொடுக்கவில்லை. குற்றம் செய்தாரா இல்லையா என்பது கும்பலுக்கு ஒரு பொருட்டே இல்லை. யாரை அடித்தால் கேள்வி வராது என்பதுதான் அதன் கணக்கு. கறுப்பின மக்களை ஆயிரக்கணக்கில் பலிவாங்கியதும் இதே கணக்குதான். கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 2022இல்தான் வந்தது.

கொல்லப்பட்டவர் அப்பாவி என்றால் குரல் கொடுப்பது எளிது. “அவன் கொலைகாரன்தானே?” என்று கேட்பார்கள். ஆம், கொலைகாரன்தான். அவனுக்கும் விசாரணை வேண்டும் என்று அப்போதும் சொல்ல வேண்டும். அங்கே விட்டுக்கொடுத்தால், அடுத்த முறை குற்றவாளி யார் என்பதைக் கும்பலே தீர்மானிக்கும்.