கோடையிலும் வாசலில் நிறம் குறையாத ஐந்து செடிகள்: எதை எங்கே நடலாம்?

சித்திரை, வைகாசியில் கிணற்று நீர் பயிருக்கே பற்றாது. இதில் வாசல் செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ரோஜா போன்ற செடிகளை மட்டும் நட்டிருந்தால் இந்தக் கவலை நியாயமானதே. ஆனால், ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நின்று, குறைந்த நீரிலும் நிறம் காட்டும் செடிகள் இருக்கின்றன. சிலவற்றுக்கு வீட்டுக் கழிவுநீரே போதும். இடம் அறிந்து நடுவதுதான் முக்கியம்.

காகிதப்பூ (போகன்வில்லா): நாள் முழுவதும் வெயில் படும் வேலியோரம் இதற்கு ஏற்ற இடம். நாம் பூ என்று நினைப்பது நிறம் மாறிய இலைகளைத்தான். நடுவில் சிறு குழல் போல இருப்பதே உண்மையான பூ. மண் சற்றுக் காய்ந்தால்தான் நன்றாகப் பூக்கும். தண்ணீரும் யூரியாவும் அதிகம் கொடுத்தால் இலை மட்டுமே தழைக்கும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிட வேண்டும்.

கல்வாழை: பாத்திரம் கழுவும் நீர், குளியல் நீர் போகும் இடத்தில் நடலாம். ஈரம் நின்றாலும் கிழங்கு தாங்கும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பாத்திகளில் இதை நடுவதும் அதனால்தான். சிவப்பு, மஞ்சள் பூக்களுடன், கருஞ்சிவப்பு இலை, மஞ்சள் வரி இலை கொண்ட ரகங்களும் உண்டு. இரண்டு, மூன்று முளைகள் உள்ள கிழங்குத் துண்டுகளை ஒன்றரை அடி இடைவெளியில் நட வேண்டும். பூத்து முடிந்த தண்டை அடியோடு அறுத்துவிட்டால் பக்கத்தில் புதுத் தண்டு வரும்.

குரோட்டன்ஸ்: காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் கிழக்குப் பக்கம் நல்லது. முழு நிழலில் இலை பச்சையாகிவிடும். உச்சி வெயிலில் ஓரம் கருகும். மாவுப்பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். இதன் பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

மருள்: நார் எடுக்கப் பயன்பட்ட நம் ஊர் மருளும், இலை ஓரம் மஞ்சளாக உள்ள அழகு ரகமும் ஒரே இனவகையைச் சேர்ந்தவை. வெயில், நிழல் இரண்டிலும் வளரும். வாரம் ஒருமுறை நீர் போதும். மஞ்சள் ஓர ரகத்தை இலைத் துண்டு வைத்துப் பெருக்கினால் புதுச் செடி வெறும் பச்சையாக வரும். அடிக்கிழங்கைப் பிரித்து நட்டால்தான் மஞ்சள் ஓரம் நிலைக்கும்.

அடீனியம் (பாலைவன ரோஜா): பருத்த அடித்தண்டில் நீரைச் சேமித்து வைக்கும். அடியில் துளையுள்ள தொட்டியில், மணல் அதிகம் கலந்த மண்ணில் நட்டு, வெயிலில் வைக்க வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றலாம். நீர் தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும்.

நடும் காலம்

கோடையில் புதிதாக நட வேண்டாம். ஆடி முதல் ஐப்பசி வரை மழை ஈரத்தில் நட்டால், வெயில் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். தரையில் நடுபவற்றுக்கு ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி எடுத்து, மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பலாம். மாசி, பங்குனியில் காகிதப்பூ, குரோட்டன்ஸ், கல்வாழை ஆகியவற்றின் அடியில் கரும்புத் தோகை, தென்னை ஓலை, சருகு கொண்டு மூடாக்கு போட்டால் ஈரம் நீண்ட நாள் நிற்கும். தண்டை ஒட்டிப் போடக் கூடாது. தண்ணீரை அதிகாலை அல்லது மாலையில் ஊற்றவும்.

ஆடு, மாடு உள்ள வீடுகளில் கவனம்

செடியை வெட்டிவிடும் நாளில்தான் ஆபத்து அதிகம். கழித்த கிளைகளைத் தொழுவத்தின் பக்கம் எறிந்தால் பசியில் உள்ள ஆடு கடித்துவிடும். அடீனியமும் அரளியும் ஒரே குடும்பம். இரண்டின் நஞ்சும் இதயத்தைப் பாதிக்கும். அரளி இலை காய்ந்த பின்னும் நஞ்சு குறையாது. எனவே இவற்றைக் கால்நடை எட்டாத இடத்தில் மட்டும் வளர்த்து, கழிவைக் குழியில் புதைக்க வேண்டும். எரித்தால் புகையும் கெடுதல். குரோட்டன்ஸ், மருள் இலைகளையும் தீவனத்தில் சேர்க்கக் கூடாது. கால்நடை அரளியையோ அடீனியத்தையோ தின்றது தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தின்ற செடியின் ஒரு கிளையை அவரிடம் காட்டினால் சிகிச்சைக்கு உதவும்.

கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டி, சிறு குழந்தைகள் நடமாடும் வாசலுக்கு நச்சில்லாத கல்வாழையே முதல் தேர்வாக இருக்கட்டும். பக்கத்து வீட்டில் ஒரு கிழங்கு கேட்டு வாங்கினாலே போதும், செலவும் இல்லை.