மாடத்தில் வைத்த கற்பூரம் எங்கே போச்சு? ஆவி ஏன் வெந்நீரைவிட மோசமாகச் சுடுது? திடம், திரவம், வாயு... எளிய விளக்கம்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு வந்துவிட்டால் சங்கரநாராயணர் கோயிலைச் சுற்றி எங்கு நின்றாலும் கற்பூர வாசம்தான். திருவிழா முடிந்ததும் மிச்சம் இருக்கும் கற்பூரத்தை வீட்டில் சாமி மாடத்தில் திறந்தபடியே வைத்துவிடுவோம். சில வாரம் கழித்துப் பார்த்தால் பாதியைக் காணோம். யாரும் எடுக்கவில்லை. கீழே ஒரு சொட்டு ஈரமும் இல்லை. அப்போ எங்கே போச்சு?

இந்தக் கேள்விக்கான பதில் எட்டாம் வகுப்புப் பாடம் மாதிரி தெரியலாம். ஆனால் குக்கர் ஆவி பட்டுக் கை வெந்துபோவது, சிலிண்டர் திடீரென ஜில்லென ஆவது, கடையில் விற்கும் 'புகை விடும்' தின்பண்டம் வயிற்றைப் புண்ணாக்குவது என எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது இதே விஷயம்தான். விரிவாகப் பார்க்கலாம்.

திடம், திரவம், வாயு: வித்தியாசம் என்ன?

எந்தப் பொருளை எடுத்தாலும் அது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களால் ஆனது. அந்தத் துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன என்பதுதான் கணக்கு.

திடப்பொருளில் துகள்கள் இடத்தைவிட்டு நகராது, நின்ற இடத்திலேயே அதிரும். திரவத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டியபடியே நழுவி ஓடும். அதனால்தான் தண்ணீர் சொம்பில் ஊற்றினால் சொம்பு வடிவம், தட்டில் ஊற்றினால் தட்டு வடிவம். வாயுவில் பிடிப்பே கிட்டத்தட்ட இல்லை. கிடைத்த இடம் முழுக்கப் பரவிவிடும்.

ஐஸ், தண்ணீர், நீராவி மூன்றும் ஒரே பொருள்தான். நிலை மட்டும்தான் வேறு. அப்படி ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும்போது இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, வெப்பம் உள்ளே போகும் அல்லது வெளியே வரும். இரண்டு, பொருள் பிடிக்கும் இடம் மாறும், வாயுவாக மாறினால் அது பல நூறு மடங்காகிவிடும். இந்த இரண்டும் நினைவில் இருந்தால் போதும், மீதி எல்லாம் தானாகப் புரியும்.

கற்பூரம் எங்கே போகுது?

பொதுவாகத் திடம் முதலில் உருகித் திரவமாகும், பிறகு ஆவியாகும். கற்பூரம் நடுவில் இருக்கும் படியைத் தாண்டிவிடுகிறது. சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகள் நேராக வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். இதற்குப் பெயர் பதங்கமாதல். துணிக்கு நடுவே போடும் பாச்சை உருண்டை கரைந்து போவதும் இப்படித்தான்.

வாசம் வருகிறது என்றாலே கற்பூரத்தின் துகள் உங்கள் மூக்குவரை வந்துவிட்டது என்று அர்த்தம். வாசம் வர வர, கட்டி சின்னதாகிக்கொண்டே போகும்.

கற்பூரம் உருகவே உருகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. சுமார் 176 டிகிரி செல்சியஸில் அதுவும் உருகும். ஆரத்தித் தட்டில் எரியும் கற்பூரத்துக்கு அடியில் எண்ணெய் மாதிரி பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது உருகிய கற்பூரம்தான். எரிவது கட்டி அல்ல, அதிலிருந்து கிளம்பும் ஆவி.

கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உண்மையில் கற்பூரத்தைக் காப்பாற்றுவது இறுக்கமான மூடி. மூடிய டப்பாவுக்குள் ஆவி நிறைந்துவிட்டால், கட்டியிலிருந்து கிளம்பும் அளவும் திரும்பி வந்து படியும் அளவும் சமமாகிவிடும். அதற்கு மேல் குறையாது. மூடியின் உட்பக்கம் கண்ணாடித் தூள் மாதிரி ஒட்டியிருப்பது, ஆவி மறுபடியும் திடமாகிப் படிந்த கற்பூரம்தான்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பூஜைக் கற்பூரத்தைக் குழந்தைகள் விழுங்கினால் சிறிது நேரத்திலேயே வலிப்பு வரலாம். கல்கண்டு என்று நினைத்து வாயில் போட வாய்ப்பு அதிகம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளிக்கு என்று கைக்குழந்தையின் மூக்கருகே கற்பூரம் தடவுவதும் கூடாது.

தண்ணீர் ஏன் 100 டிகிரியைத் தாண்டாது?

அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் வைக்கிறீர்கள். 30 டிகிரியில் இருந்த தண்ணீர் கொதிக்க 10 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தீயில் அந்தத் தண்ணீர் முழுவதும் வற்றிப்போக இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? பலர் 10, 15 நிமிடம் என்பார்கள். கணக்குப்படி 75 நிமிடத்துக்கும் மேல்!

காரணம் இதுதான். ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 100 கலோரி போதும். ஆனால் 100 டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். இவ்வளவு வெப்பம் உள்ளே போயும் தெர்மாமீட்டர் 100-ஐத் தாண்டாது. துகள்களின் பிடியைப் பிரிக்கவே அந்த வெப்பம் முழுக்கச் செலவாகிவிடுகிறது. கண்ணுக்கும் தெர்மாமீட்டருக்கும் தெரியாமல் ஒளிந்திருப்பதால் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

இதில் வீட்டுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் சோறு கொதிக்க ஆரம்பித்த பிறகு தீயைக் கூட்டினாலும் தண்ணீரின் சூடு ஏறாது, ஆவிதான் அதிகமாக வீணாகும். கொதி வந்ததும் தீயைக் குறைத்தால் சமையல் நேரம் பெரிதாக மாறாது, கேஸ் மிச்சம்.

100 டிகிரி என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. அங்கே சுமார் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும், பருப்பு வேக நேரம் ஆகும். குக்கர் இதற்கு நேர் எதிர். உள்ளே அழுத்தம் ஏறுவதால் கொதிநிலை சுமார் 120 டிகிரி வரை போகும், பருப்பு சீக்கிரம் வெந்துவிடும்.

ஆவி பட்டால் ஏன் அப்படிச் சுடுது?

மேலே சொன்ன 540 கலோரி எங்கேயும் தொலைந்து போகவில்லை. ஆவிக்குள்ளேயே இருக்கிறது. ஆவி உங்கள் கையில் பட்டுத் தண்ணீராக மாறும்போது அது அத்தனையும் தோலில் இறங்கும்.

ஒரு கிராம் கொதிநீர் உடல் வெப்பமான 37 டிகிரிக்கு ஆறும்போது 63 கலோரி தரும். அதே ஒரு கிராம் ஆவி 540-ம் 63-ம் சேர்த்து 603 கலோரி தரும். ஒன்பது மடங்குக்கும் மேல்.

சங்கரன்கோவில் பிரியாணிக்குப் பேர்போன ஊர். தம் போட்ட அண்டாவின் மூடியைத் திறக்கும் அனுபவசாலி மாஸ்டர்கள் மூடியின் எதிர்ப்பக்கத்தை முதலில் தூக்கி, ஆவியைத் தங்களுக்கு எதிராகப் போகவிடுவதைக் கவனிக்கலாம். வீட்டில் இட்லிப் பானை திறக்கும்போதும் இதுதான் சரியான முறை. முகத்தைக் குனிந்து பார்க்கவே கூடாது.

இன்னொன்று: கெட்டிலின் வாயில் வெள்ளையாகத் தெரிவது ஆவி அல்ல. அது ஆவி குளிர்ந்து உருவான மிகச்சின்ன நீர்த்துளிகள். நிஜமான ஆவி கண்ணுக்குத் தெரியாது. வாய்க்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒன்றும் இல்லாத மாதிரி தெரியும் இடம்தான் மிக மோசமாகச் சுடும்.

சுட்டுவிட்டால் என்ன செய்வது? ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். தண்ணீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். டூத் பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவ வேண்டாம். ஐஸ் கட்டியை நேரடியாக வைப்பதும் தோலைப் பாதிக்கும். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகம் வெந்திருந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பூவுக்கு ஏன் ஐஸ்? பானைத் தண்ணி ஏன் ஜில்?

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து மல்லிகையும் பிச்சியும் வருகிறது. வெளியூருக்கு அனுப்பும் பூவுடன் ஐஸ் வைப்பார்கள். வெறும் குளிர்ந்த தண்ணீர் போதாதா?

போதாது. ஒரு கிலோ ஐஸ் உருகி முடிக்க மட்டும் 80,000 கலோரியை வெளியிலிருந்து உறிஞ்சும். அதுவரை அது 0 டிகிரியிலேயே நிற்கும். 0 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரோ வெறும் 10,000 கலோரி ஏறினாலே 10 டிகிரிக்குப் போய்விடும். ஐஸ் இருக்கும்வரை பெட்டி குளுமை. கடைசித் துண்டு உருகியதும் சூடு ஏற ஆரம்பிக்கும்.

மண்பானையிலும் இதே கதைதான். பானையின் நுண்துளை வழியாகக் கசியும் ஈரம் ஆவியாகும்போது தேவையான வெப்பத்தை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆடிக் காற்றில் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிர்வதும், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் சென்னையில் அந்த அளவு குளிராததும் இதனால்தான்.

நம் உடம்பும் ஒரு மண்பானைதான். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்வதால்தான் குளிர்கிறது. புழுக்கமான நாளில் வியர்வை காயாது, உடல் வெப்பம் உள்ளேயே தங்கும். அதனால் வெயில் அதிகம் தெரியாத நாளிலும் வெப்ப பாதிப்பு வரலாம். ஈரத்துணியால் துடைத்து விசிறிவிடச் சொல்வது ஆவியாதலுக்கு உதவத்தான்.

சிலிண்டரைப் படுக்கவைத்தால் என்ன ஆகும்?

14.2 கிலோ சமையல் சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். சிலிண்டரை ஆட்டினால் தளும்புவது தெரியும். அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். அடுப்பைத் திறந்ததும் மேலே இருக்கும் வாயு வெளியேற, அடியில் இருக்கும் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும்.

ஆவியாக வெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டரிடமிருந்தே எடுப்பதால் சிலிண்டர் ஜில்லென ஆகி வெளியே வியர்க்கும். ஓட்டல்களில் ஒரே நேரத்தில் அதிகம் எரிக்கும்போது பனியே படியும். இது கோளாறு அல்ல. ஆனால் 'கேஸ் வரலை' என்று சிலிண்டர் மேல் கொதிநீர் ஊற்றுவது ஆபத்து, உள்ளே அழுத்தம் திடீரென ஏறும்.

அதைவிட ஆபத்து, தீரப்போகும் சிலிண்டரைப் படுக்கவைத்து எரிப்பது. அப்போது வாயுவுக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வந்துவிடலாம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 250 லிட்டர் வாயு. அடுப்பில் சின்னத் தீ எரிய வேண்டிய இடத்தில் நெருப்புப் பந்தே கிளம்பும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும்.

கசிவு வாசம் வந்தால் இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தங்கும் என்பதை மறக்க வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள். மின் சுவிட்சை போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

'புகை விடும்' தின்பண்டம் ஏன் ஆபத்து?

திருவிழா, கல்யாண வீடு, மால் எங்கும் இப்போது புகை பறக்கும் பண்டங்கள். இதற்குப் பயன்படுவது திரவ நைட்ரஜன் அல்லது ட்ரை ஐஸ். திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. ட்ரை ஐஸ் என்பது திடமான கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி. இதுவும் கற்பூரம் மாதிரி உருகாமல் நேராக வாயுவாகும்.

வாயில் போட்டால் இரண்டு வகையில் பாதிப்பு. ஒன்று, உடலின் வெப்பத்தைச் சட்டென உறிஞ்சி வாய், தொண்டை, குடலை உறையவைத்துப் புண்ணாக்கும். இரண்டு, திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 மடங்கு விரியும். வயிற்றுக்குள் அது நடந்தால் இரைப்பையே கிழியலாம்.

2024 மார்ச்சில் ஹரியானா மாநிலம் குருகிராமில், ஓட்டலில் மவுத் ஃப்ரெஷ்னர் என்று கொடுத்த ட்ரை ஐஸை வாயில் போட்ட ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்தார்கள். அடுத்த மாதமே கர்நாடகாவில் புகை பிஸ்கட் சாப்பிட்ட சிறுவன் வலியில் துடிக்கும் வீடியோ பரவியது. அதையடுத்து, திரவ நைட்ரஜனை உணவுடன் நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. பிள்ளைகள் கேட்டு அடம்பிடித்தாலும், புகை பறக்கும்போதே எதையும் வாயில் வைக்கவிடக் கூடாது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவது கலப்படமா? இல்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே இயல்பாகவே திடமாகும். உறைந்ததை வைத்து மட்டும் சுத்தமானது என்றோ கலப்படம் என்றோ சொல்ல முடியாது.

நான்காவது நிலை இருக்கிறதா? இருக்கிறது. வாயுவை மேலும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து பிளாஸ்மா என்ற நிலை வரும். சூரியனும் மின்னலும் அதுதான்.

சுருக்கமாக...

* கற்பூரத்தை இறுக்கமான டப்பாவில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.
* கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள்.
* மூடியை எதிர்ப்பக்கமாகத் திறங்கள். சுட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர்.
* சிலிண்டரைப் படுக்கவைக்காதீர்கள், கொதிநீர் ஊற்றாதீர்கள்.
* புகை பறக்கும் தின்பண்டத்தை வாயில் வைக்காதீர்கள்.

மாடத்துக் கற்பூரம் காணாமல் போகவில்லை. வீட்டுக் காற்றில்தான் கலந்திருக்கிறது.