அகச்சிவப்பு ரிமோட் ரிப்பீட்டர்

செட்-டாப் பாக்ஸ், ஆம்ப்ளிபயர் போன்ற கருவிகளை மூடிய அலமாரிக்குள்ளோ அடுத்த அறையிலோ வைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ரிமோட்டால் இயக்க உதவும் துணைக்கருவி. ரிமோட் உமிழும் அகச்சிவப்பு ஒளி (பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம்) மரக்கதவையோ சுவரையோ ஊடுருவாது. அந்தத் தடையைக் கம்பி வழியே கடப்பதே இதன் வேலை.

வெளியே, ரிமோட்டுக்கு நேராக ஓர் ஏற்பி இருக்கும். அதிலிருந்து வரும் கம்பி, மின்சாரம் பெறும் இணைப்புப் பெட்டிக்குச் செல்லும். பெட்டியிலிருந்து பிரியும் கம்பிகளின் முனையில் சிறு உமிழிகள் இருக்கும். பெரும்பாலான ரிமோட்டுகளின் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது. ஏற்பி அந்தத் துடிப்பைக் கொண்டே அறையின் பிற வெளிச்சத்திலிருந்து கட்டளையைப் பிரித்தறிகிறது.

நிறுவுவதில் மிகுந்த கவனம் கோருவது உமிழியை ஒட்டும் இடம்தான். கருவி முகப்பின் கறுத்த பிளாஸ்டிக்குக்குப் பின்னால் சென்சார் எங்கே என்பது டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரியும். பசைத்தாளை உரிக்குமுன் உமிழியை அங்கே கையால் பிடித்துக்கொண்டு சோதிப்பது நல்லது. உமிழி எரிகிறதா என்பதைக் கைப்பேசியின் முன்புறக் கேமராவில் பார்க்கலாம். கண்ணுக்குப் புலப்படாத அந்த ஒளி பல கேமராக்களில் வெளிர் ஊதாவாகத் தெரியும்.

உமிழியின் ஒளி கசிந்து ஏற்பிக்கே திரும்பினால் கட்டளை குழம்பும். நேர்வெயில், சி.எஃப்.எல். விளக்கு, பிளாஸ்மா திரை ஆகியவையும் தொல்லை தரும். யாரும் பொத்தானை அழுத்தாதபோதும் ஏற்பியின் சிறு விளக்கு மினுக்குவது இதற்கு அறிகுறி. ஏற்பியைச் சற்று நகர்த்தினாலே பலமுறை சரியாகும். புளூடூத்தில் இயங்கும் ரிமோட்டுகளுக்கு ரிப்பீட்டர் பயன்படாது.